ஆய்வகத்தில் துடிக்கும் தசையும் இதயத் தழும்பும்

மாரடைப்பில் இறந்த இதயத் தசை மீண்டும் வளர்வதில்லை. அந்த இடத்தை ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தால் நிரப்புகின்றன. இதயச் சுவர் கிழியாமல் காப்பது இந்தத் தழும்புதான். ஆனால் அது சுருங்காது, மின்துடிப்பையும் ஒழுங்காகக் கடத்தாது. உயர் ரத்த அழுத்தத்திலும் பரம்பரை இதயத் தசைநோயிலும் மாரடைப்பு இல்லாமலேயே தழும்பு பரவுகிறது.

இத்தழும்பை எலியில் மட்டும் ஆராய்ந்தால் போதாது: சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் துடிக்கிறது. மனித இதயத்துக்கு அது சரியான மாதிரி ஆகாது. 2007இல் ஷின்யா யமனாகா குழுவினர் மனிதத் தோல் செல்லை ஸ்டெம் செல்லாகத் திருப்பியபின், மனித இதயத் தசையையே ஆய்வகத்தில் வளர்த்து ஆராய வழி பிறந்தது. அத்தசையோடு ஃபைப்ரோபிளாஸ்ட்களைச் சேர்த்து, டிஜிஎஃப்-பீட்டா புரதத்தைச் செலுத்தினால் கொலாஜன் படிந்து திசு விறைக்கிறது.

மரபணுக் கேள்விகளில் இம்முறையின் பலம் பெரிது. இதயத் தசைநோயோடு தொடர்புடைய எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்ட நிலை தெற்காசியரில் நூற்றுக்கு நால்வரிடம் உள்ளதென்று, பெருந்துறை தண்டபாணி, குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் 2009இல் காட்டினர். ஆனால் அவர்கள் எல்லோரும் நோயாளிகள் ஆவதில்லை. சக்திவேல் சடையப்பன் குழுவினர் 2018இல், அதே மரபணுவின் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருப்பவர்களின் ஸ்டெம் செல்களிலிருந்து தசை செல்களை வளர்த்தனர். அவை அளவுக்கு மீறிச் சுருங்கின. யாருக்கு ஆபத்து அதிகம் என்று பிரித்தறிய உதவும் சான்று இது. தழும்பு பற்றிய கேள்வியையும் இதே வழியில், நம் மக்களின் செல்களிலேயே கேட்கலாம், கேட்க வேண்டும்.

குறையும் ஆழமானது. ஸ்டெம் செல்லாகத் திருப்பும்போது செல்லின் முதுமை பெரும்பாலும் அழிந்துவிடுகிறது; வளர்வது கருவின் இதயத்தை ஒத்த தசை. கொழுப்பைவிடக் குளுக்கோஸையே அது அதிகம் எரிக்கிறது. பிறந்த எலிக்குட்டியின் இதயம் முதல் சில நாட்களில் தழும்பின்றியே ஆறும் என்பது 2011இல் தெரிந்த உண்மை. தழும்பை ஆராய, தழும்பை ஏற்காத பருவத்தின் தசையைப் பயன்படுத்துவது இம்முறையின் அடிப்படை முரண். காயத்துக்கு முதலில் விரையும் நோயெதிர்ப்புச் செல்களும் ரத்த ஓட்டமும் பெரும்பாலான மாதிரிகளில் இல்லை. விலங்குச் சோதனைக்கு மாற்று எனப்படும் இத்திசு, பலவேளை எலிக் கட்டியிலிருந்து எடுத்த கூழில்தான் வளர்கிறது என்பதையும் மறக்கலாகாது.

இந்தியா 2023இல் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, இத்தகைய திசுக்களுக்கும் இடமளித்தது. நச்சு மருந்துகளைத் தொடக்கத்திலேயே ஒதுக்க இது மிகவும் பயன்படும். தழும்பைக் கரைக்கும் மருந்துக்கு மட்டும் இச்சான்று போதாது: ஆய்வகக் கொலாஜன் சில நாள் அல்லது சில வாரம் வயதுடையது, நோயாளியின் தழும்போ ஆண்டுக்கணக்கில் குறுக்கிணைப்புகளால் இறுகியது. புதிய படிவைத் தடுக்கும் மருந்து பழையதைக் கரைக்கும் என்று கொள்ள முடியாது. மருத்துவமனைக்கு வருவோரில் பலர் சுமந்து வருவது பழைய தழும்பையே.