பாட்டிலுக்குப் பூச்சட்டை

தேன் தீர்ந்துபோன பாட்டில் காயலான் கடைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்து, மிச்சப் பிசுக்கைத் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தெடுத்து, சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தால் அது அலங்காரத்துக்குத் தயார்.

அழகெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. பூப்போட்ட நாப்கின் பெரும்பாலும் இரண்டு மூன்று அடுக்காக வரும். அச்சிட்ட மேலடுக்கை மட்டும் நகத்தால் மெல்லப் பிரிக்க வேண்டும். வெங்காயச் சருகு போல அத்தனை மெல்லிசு. வெள்ளைப் பெயிண்ட் அடித்த பாட்டிலின் மேல் அதை வைத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலைப் பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவும்போது காகிதம் நெளியும், சுருங்கும். அவசரப்பட்டால் கிழிந்தே விடும். பால் போன்ற பசை காயக் காயத் தெளியும். ஓரம் கண்ணுக்குத் தெரியாமல், கையால் வரைந்தது போல ரோஜா மட்டும் நிற்கும். அந்த மாற்றத்தைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை செய்யலாம்!

டெக்கூபாஜ் என்பது இதன் பெயர். வெட்டியெடுப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டு வெனிஸில், விலையுயர்ந்த கீழைநாட்டு அரக்குப் பூச்சுக்கு மாற்றாக, மரச்சாமான்களில் அச்சுப் படங்களை ஒட்டி வார்னிஷ் ஏற்றினார்கள். ‘ஏழையின் அரக்கு’ என்றே அதை அழைத்தார்கள்.

1850களில் ஐரோப்பாவில் இந்த ஆசை கண்ணாடிக்குத் தாவியது. ஜாடியின் உட்புறத்தில் படங்களை ஒட்டி, அவற்றின் பின்னால் பெயிண்ட் பூசி, பீங்கான் போலவே தோன்றச் செய்தார்கள். பொட்டிஷோமேனியா என்ற அந்த வேலைக்கு இன்னும் அதிகப் பொறுமை வேண்டும்.

வெளியே ஒட்டிய பாட்டிலுக்கு இரண்டு பூச்சு வார்னிஷ் போதும். தண்ணீர் ஊற்றிப் பூ வைக்கலாம். தொட்டியில் ஊறவைக்க மட்டும் கூடாது.