நகரத் திட்டமும் இயற்கைத் தொடர்ச்சியும்: ஒரு நூலைப் பற்றி

தொடரிணைப்பில் கோத்த இருபது சிறு விளக்குகளில் ஒன்று எரிந்துபோனால் மற்றப் பத்தொன்பதும் அணைந்துவிடும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அந்தப் பத்தொன்பதில் எதற்கும் குறையில்லை, குறை தொடர்ச்சியில்தான். நகரை ஒட்டிய காடு, ஓடை, சதுப்பு நிலம் ஆகியவற்றைத் திட்டமிட்டுக் காப்பது பற்றிய புகழ்பெற்ற நூல் ஒன்றை அண்மையில் மறுபடியும் படித்தேன். அப்போது இந்த விளக்குச் சரமே அடிக்கடி நினைவுக்கு வந்தது.

நூலின் பெயரைத் தமிழில் 'இயற்கையோடு இயைந்த வடிவமைப்பு' எனலாம். 1969-இல் வெளிவந்தது. ஆசிரியர் இயான் மக்ஹார்க் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நில வடிவமைப்புத் துறையை உருவாக்கியவர். மேலை நாட்டுச் சமயச் சிந்தனையை அவர் கடிந்துகொள்ளும் பக்கங்களில் சொற்பொழிவு வாடை அதிகம். அவற்றை நான் விரைவாகப் புரட்டிவிட்டேன் என்பதை மறைக்கவில்லை. நூலின் உயிர், வரைபடங்கள் உள்ள அத்தியாயங்களில் இருக்கிறது.

நியூயார்க் நகரின் ஒரு பகுதியான ஸ்டேட்டன் தீவில் 'ரிச்மண்ட் பார்க்வே' என்ற பெருஞ்சாலைக்கு வழி குறிக்க வேண்டியிருந்தது. மக்ஹார்க் என்ன செய்தார்? நிலச்சரிவு, பாறை, மண்ணின் வடிதிறன், அரிப்பு, நீர், காடு, வனவிலங்கு, வரலாற்றுச் சிறப்பு, குடியிருப்பு என ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒளிபுகும் தாள் எடுத்துக்கொண்டார். மதிப்பு மிகுந்த இடத்துக்குக் கருமை, நடுத்தர இடத்துக்குச் சாம்பல் நிறம். மதிப்புக் குறைந்த இடம் வெறுமையாக விடப்பட்டது. தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஒளி நன்றாகத் தெரியும் இடமே சாலைக்கு ஏற்ற வழி! சாலையின் விலையில் ரூபாய் கணக்கில் வராத இழப்பையும் சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்த முறை இது. இன்று கணிப்பொறிகள் செய்யும் நிலவரைபட வேலையிலும் இதே அடுக்குகள்தாம். முன்பு தீட்டியிருந்தபடி தீவின் காட்டுக்குள் செல்லவேண்டிய சாலைப்பகுதி, மக்களின் எதிர்ப்பினால் கட்டப்படவே இல்லை. அந்தக் காடு இன்றும் இருக்கிறது.

இம்முறைக்கு ஒரு மறுப்பு பழையது. முதல்தரம், இரண்டாம்தரம் என்ற வரிசை எண்களைக் கூட்டலாகாது. மண்ணரிப்பின் கருமையும் வரலாற்றின் கருமையும் ஒரே அலகு அல்ல. லூயிஸ் ஹாப்கின்ஸ் 1977-இல் இதனைத் தெளிவாக எழுதினார். வெப்பநிலையையும் நீளத்தையும் கூட்டும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் தருவதில்லை அல்லவா?

எனக்குள்ள ஐயம் வேறு. தாள்களை எத்தனை அடுக்கினாலும் அவை கூறுவது ஒவ்வோர் இடத்தின் குணத்தைத்தான். 'தொடர்ந்திருத்தல்' என்பதோ எந்த ஓர் இடத்தின் குணமும் அன்று. ஒரு பெரிய கட்டத்தாளில் நூற்றுக்கு 65 கட்டங்களைக் குருட்டாம்போக்கில் பச்சையாக்குங்கள். பக்கம் ஒட்டிய பச்சைக் கட்டங்கள் வழியே ஒரு விளிம்பிலிருந்து எதிர்விளிம்புக்கு நடந்துவிடலாம். பச்சையை நூற்றுக்கு 55 ஆகக் குறையுங்கள். அநேகமாக வழியே இராது. பச்சையில் ஆறில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. ஆனால் பாதை முழுவதும் போயிற்று. எல்லைக்கோடு ஏறத்தாழ 59.3. இந்தக் கசிவுக் கணிதத்தை 1957-இல் பிராட்பென்ட், ஹேமர்ஸ்லி இருவரும் தொடங்கிவைத்தார்கள். உண்மை நிலம் குருட்டாம்போக்கில் அமைந்ததன்று என்பது சரியே. ஆயினும் பரப்பு சிறிது சிறிதாகக் குறைய, தொடர்பு திடீரென அறும் என்ற பாடம் மாறாது. பின்னாளில், 2006 முதல், பிராட் மக்ரே என்பவர் நிலப்பரப்பையே மின்தடைகளின் வலையாகக் கருதி, விலங்குகளின் போக்குவரத்தை மின்னோட்டம்போலக் கணக்கிட்டுக் காட்டினார். அந்தக் கணக்கில் சாதாரணப் புதர்மண்டிய ஒரு குறுகிய துண்டு, மற்ற வழி இல்லாத காரணத்தாலேயே மிக முக்கியமான இடமாகிவிடும். மக்ஹார்க்கின் தாளில் அதே துண்டு வெளிறிக் கிடக்கும். 'இங்கே கட்டலாம்' என்று பொருள்படும்.

ஆசிரியருக்கு நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். ஓடைகளையும் வெள்ளச் சமவெளிகளையும் அவர் ஒருபோதும் துண்டாக்கவில்லை. நீர் தன் கோட்டைத் தானே வரைந்துகொள்வதால் அங்கே பிழை நேரவில்லை. ஆனால் நகராட்சி அலுவலகத்தில் வேலை நடப்பது மனை மனையாகத்தான். ஒவ்வொரு மனுவும் சிறியது, ஒவ்வொன்றிலும் பாதிப்பு அற்பம். எந்த மனுவில் தொடர்பு அறுந்தது என்பதை எந்தக் கோப்பும் காட்டாது.

இதற்கு ஒரு விடையும் அதே தீவில்தான் கிடைத்தது. 1975-இல் நியூயார்க் நகரம் தீவின் தென்பகுதிக்குத் தனி நிலப்பயன்பாட்டு விதிகள் செய்தது. ஓடைகளை ஒட்டிய திறந்தவெளிகள் ஒரு வலையாக வரைபடத்தில் முதலிலேயே குறிக்கப்பட்டன. அதற்குள் அகப்பட்ட நிலம் உரிமையாளரிடமே இருக்கும். ஆனால் இயற்கை நிலையிலேயே விட்டுவைக்க வேண்டும். மாற்றாக, அந்தப் பரப்பையும் கணக்கில் சேர்த்து மனையின் மீதிப்பகுதியில் கட்டிக்கொள்ளலாம். 1990-களில் மழைநீர் வடிகால் தேவைப்பட்டபோது, நகரம் இந்த ஓடைகளையும் குளங்களையும் சதுப்புகளையுமே வடிகாலாகப் பயன்படுத்தியது. 'நீலப்பட்டை' எனப்படும் அந்த ஏற்பாடு, வலை அறுந்திருந்தால் இயன்றிருக்காது.

நம் ஊரில் இதைச் சோதித்துப் பார்க்க இடம் தேட வேண்டியதில்லை. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டுப் பக்கம் கடலில் கலக்கிறது. முழுக்க முழுக்கத் தொடரிணைப்பு! 2008-இல் வந்த சென்னையின் இரண்டாவது பெருந்திட்டம் சதுப்பைத் தனியாகக் குறித்தது. 2022-இல் ஏறத்தாழ 1,247 ஹெக்டேர் ராம்சார் தலமாயிற்று. நல்லதுதான். ஆனால் காப்பு, சதுப்பு என்ற விளக்குக்குக் கிடைத்தது. ஏரிக்கும் ஏரிக்கும் இடையிலுள்ள கால்வாய்க் கரைகள் சர்வே எண்களாகப் பிரிந்து, குடியிருப்பு, தொழில் என்ற நிறங்களுக்குள் போய்விடுகின்றன. நிலப்பயன்பாட்டை மாற்றக் கோரும் மனுக்களும் தனித்தனியேதான் வருகின்றன. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் நின்ற தெருக்களில் பல, அந்த இடைவெளிகளில் இருப்பவை.

நூலை மாணவர்கள் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்க வேண்டாம். சாலை பற்றிய அத்தியாயத்தையும் ஸ்டேட்டன் தீவு அத்தியாயத்தையும் முதலில் படியுங்கள். கையில் தென்சென்னை வரைபடமும் ஓர் ஒளிபுகும் தாளும் இருக்கட்டும். தாளில் ஏரிகளுக்கு நிறம் தீட்ட வேண்டாம். அவற்றை இணைக்கும் கால்வாய்களை மட்டும் வரைந்து, எங்கே கோடு நிற்கிறது என்று பாருங்கள்.