கல்விக்கழகங்களில் யூதவெறுப்பு: ஓர் ஆராய்வு

நிறத்தால் வரும் இடரும் பெண்மையால் வரும் இடரும் ஒருவர்மேற் கூடி வருங்கால், ஒன்றை மட்டும் நோக்குஞ் சட்டம் அதனைக் காணாது என்பதை 1989ஆம் ஆண்டிலே அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பளி கிரென்ஷோ எடுத்துக்காட்டினார். பல அடையாளங்களையும் ஒருங்கே வைத்து நோக்கும் இம்முறை, கல்விக்கழகங்களில் நிலவும் யூதவெறுப்பை விளக்குமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

விளக்கும் என்பதற்கு எமி நொய்தர் என்னுங் கணிதப் பேரறிஞரின் வாழ்க்கையே சான்று. ஜேர்மனியின் கோட்டிங்கன் சர்வகலாசாலையில் 1915 இல் அவர் விரிவுரை செய்ய முற்பட்டபோது, பெண் என்பதால் உரிமை மறுக்கப்பட்டது. ஹில்பேட்டின் பெயரிலேயே சில ஆண்டுகள் கற்பித்தார். 1919 இலேதான் உரிமை கிட்டியது. 1933 இல் நாற்சி அரசு, யூதர் என்பதால் அவரை நீக்கியது. ஒரு தடையை மட்டும் எழுதுவோர் அவர் கதையிற் பாதியையே எழுதுவோராவர்.

ஆயினும் இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. 1922 இல் ஹாவட் சர்வகலாசாலைத் தலைவர் லவல், யூத மாணவர் தொகையை நூற்றுக்குப் பதினைந்தாக மட்டுப்படுத்த முயன்றார். கறுப்பின மாணவரை முதலாண்டு விடுதிகளிற் சேர்க்க மறுத்தவரும் அவரே. வெளிப்படையான பங்கீடு 1923 இல் நிராகரிக்கப்பட்டது. எனினும் 1926 முதல், 'குணநலன்' என்னும் அளவுகோலால் யூதர் தொகை குறைக்கப்பட்டது. இரு விலக்கும் ஒரு கையினின்றே பிறந்தன; ஆயினும் அவை ஒன்றல்ல. கறுப்பினத்தவர் தாழ்ந்தோர் எனத் தள்ளப்பட்டனர். யூதரோ மிஞ்சி முன்னேறுவோர் என அஞ்சப்பட்டனர். ஒடுக்கப்பட்டோர் யாவரும் வலிமையற்றோராகவே தோன்றுவர் என எண்ணுவோர், 'வலிமை மிக்கோர்' என்று பழிசுமத்தியே இழைக்கப்படுங் கொடுமையைக் காணார்.

2023ஆம் ஆண்டின் பின் அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் எழுந்த பூசல்களில் இக்குறை வெளிப்பட்டது. இஸ்ரவேல் அரசின் செயலைக் கண்டித்தல் யூதவெறுப்பாகாது; அச்செயலுக்காக ஒரு யூத மாணவனிடங் கணக்குக் கேட்டலோ யூதவெறுப்பேயாம். பலஸ்தீன மாணவனை அவன் பிறப்புக் கொண்டு ஐயுறுதலும் அத்தகைய அநீதியே.

ஜேர்மனியினின்று தப்பிய யூத அறிஞர் ஏண்ஸ்ட் பொரின்ஸ்கி, 1947 முதல் மிசிசிப்பியிலே கறுப்பின மாணவர் பயின்ற டூகலூ கல்லூரியிற் கற்பித்தார். நிறப்பிரிவினை நிலவிய அந்நாளில் இரு நிறத்தாரையும் ஒரே மேசையில் அமர்த்தி உரையாடச் செய்தார். தம் துன்பத்தைப் பிறர் துன்பத்தோடு போட்டியிட வைக்காது, அதனை அறிதற்குத் துணையாக்கினார் அவர். பல அடையாளங்களையும் ஒருங்கே நோக்குவதன் பயன் இதுவே என்க.