உள்பக்கத்தைத் திறந்து வைப்பவர்

பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பை விடாமல் பார்ப்பவர்களிடம் அந்த ஒருவரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். உதட்டைப் பிதுக்குவார்கள். “நல்லாத்தான் ஓட்டுறார், ஆனா சண்டை போட மாட்டேங்கிறாரே” என்பார்கள். பெயர் வேண்டாம். முன்சக்கர இயக்க வண்டிக்காரர், முதல் பந்தயத்தில் ஐந்தாவதோ ஆறாவதோ வருபவர், பரிசு மேடையில் அபூர்வமாக நிற்பவர் என்றாலே உங்களுக்கு ஆள் பிடிபட்டிருக்கும். பின்னால் வருபவர் மூக்கை நுழைத்தால் இவர் கதவைச் சாத்துவதில்லை. அதைத்தான் கோழைத்தனம் என்கிறார்கள். இந்தப் பந்தயத்தில் இப்போது ஓட்டுபவர்களில் கணக்குத் தெரிந்த ஆள் அவர்தான் என்பது என் கட்சி.

பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில் அவர் செய்வதை மட்டும் பார்ப்போம். பேடக் ஹில் சரிவில் இறங்கி மேடேறினால் ட்ரூயிட்ஸ், வலப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவு. முந்த நினைப்பவர்கள் எல்லாரும் குறிவைக்கும் இடம். பின்னால் வருபவர் பிரேக்கைக் கடைசி நொடி வரை தொடாமல் உள்பக்கம் பாய்கிறார். நம்மவர் மறிப்பதில்லை. அகலமாக உள்ளே வந்து, வெளிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே திரும்புகிறார். வர்ணனையாளர் அதற்குள் “இடம் போச்சு” என்று சொல்லி முடித்துவிடுகிறார். அடுத்து வரும் கிரஹாம் ஹில் இடப்பக்க வளைவு என்பதை அந்த அவசரத்தில் யாரும் நினைப்பதில்லை. ட்ரூயிட்ஸில் வெளிப்பக்கம் இருந்தவர் அங்கே உள்பக்கம் ஆகிவிடுகிறார். பாய்ந்து வந்தவரோ வேகத்தை அடக்க முடியாமல் விலகிப் போய், வளைவை விட்டு வெளியேறும்போது பிடிமானம் தேடிக்கொண்டிருக்கிறார். பத்தில் நான்கைந்து முறையாவது இடம் அங்கேயே திரும்பி வந்துவிடும் என்பது என் மதிப்பீடு.

திரும்பி வராத முறைகளைப் பற்றித்தான் தகராறு. அங்கேயும் நான் அவர் பக்கம்தான். முன்சக்கர இயக்க வண்டியில் பிரேக் பிடிப்பதன் பெரும் சுமை, திருப்புவது, இழுப்பது எல்லாம் அந்த இரண்டு டயர்களின் தலையில்தான். ஒவ்வொரு சுற்றும் மறித்து ஓட்டினால் ஒவ்வொரு சுற்றும் தாமதமாகப் பிரேக் பிடிக்க வேண்டும், குறுகலான கோணத்தில் திருப்ப வேண்டும். கடைசிச் சில சுற்றுகளில் அந்த டயர் பழிவாங்கும். ஓர் இடத்தைக் காப்பாற்றப் போய் நான்கு இடங்களை இழந்தவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறோம். அவர்களுக்கு மட்டும் “போராளி” பட்டம்!

ஆனால் அவருடைய கணக்கின் அடிவேர் டயரில் இல்லை, பந்தய நாளின் அமைப்பில் இருக்கிறது. வாரஇறுதிக்கு மூன்று பந்தயம், சீசனுக்கு முப்பது என்று பல ஆண்டுகளாக ஓடிய முறை இது. முதல் பந்தயத்தில் முடித்த வரிசைதான் இரண்டாவதன் தொடக்க வரிசை. இரண்டாவதில் முன்னணியில் வந்தவர்களை, குலுக்கலில் வரும் எண்ணின்படி தலைகீழாகத் திருப்பி மூன்றாவதற்கு நிறுத்துகிறார்கள். காலையில் யாரோ ஒருவர் கதவில் இடித்து நீங்கள் மணலில் நின்றுவிட்டால், அடுத்த பந்தயத்துக்குக் கடைசி வரிசை. அங்கிருந்து முட்டி மோதி நடுப்பகுதி வரை வந்தாலும் குலுக்கல் உங்களை எட்டிப் பார்க்காது. ஒரே ஒரு வீம்பு, மூன்று பந்தயம் போச்சு. ஐந்தாம் இடத்துக்கும் ஆறாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசமோ வெறும் ஒரு புள்ளி: பதினொன்று, பத்து. அந்த ஒரு புள்ளிக்காகப் பம்பரைப் பணயம் வைப்பதற்குப் பெயர் வீரமா? ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தொடாமல் விடும் மட்டையாளருக்குக் கைதட்டும் அதே ரசிகர்தான் இங்கே முகம் சுளிக்கிறார்.

அவரைக் குறைசொல்பவர்கள் 2018-ஐ மறந்துவிட்டார்கள் போலும். முப்பது பந்தயங்களில் பதினேழு பேர் மாறி மாறி வென்ற சீசன் அது. பட்டம் வென்றவர் அந்த ஆண்டு முழுக்க வென்றது ஒரே ஒரு பந்தயம். விதிகளே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. முன்பு வென்றவரின் வண்டியில் எடைக்கட்டி ஏற்றினார்கள், உச்சமாக 75 கிலோ வரை. 2022-ல் கலப்பின மின்சக்தி வந்தது. முன்னணியில் இருப்பவருக்கு அதில் பங்கு குறைவு. 2025-ல் அது போய் டர்போ பூஸ்ட் வந்தது, அதிலும் அதே நியாயம்தான். கருவி மாறுகிறதே தவிர, ஜெயிப்பவனின் காலை இழுக்கும் கை மாறவில்லை. இப்படிப்பட்ட பந்தயத்தில் தினமும் ஜெயிக்கத் துடிப்பவரை நான் ரசிப்பேன். அவர் மேல் பணம் கட்ட மாட்டேன்.

நம்மவரிடம் எனக்கும் ஒரு குறை உண்டு. மூன்றாவது பந்தயத்திலும் அவர் அதே தாராளத்தைக் காட்டுகிறார். அதற்குப் பிறகு அன்றைக்குக் காப்பாற்ற வேண்டிய தொடக்க வரிசை எதுவும் இல்லையே. டயரைச் சேமித்து வைத்து வீட்டுக்கா கொண்டுபோகப் போகிறார்? குலுக்கல் முன்வரிசை தரும் மாலைகளில் அவர் கதவைச் சாத்தித்தான் ஆக வேண்டும். இதைத் திருத்திக்கொள்ளாவிட்டால் என் ஆருடம் முழுவதும் தண்ணீரில் எழுதியதுதான்.

ஆருடம் என்றால் இதோ. கிராஃப்ட் தடத்தில் பின்சக்கர இயக்க வண்டிகள் தொடக்கத்திலேயே அவரைத் தாண்டிப் போகும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அவற்றுக்கு உள்ள பிடிப்பு இவருக்குக் கிடையாது. அன்று சமூக வலைத்தளங்களில் அவரைக் கிழிப்பார்கள். பிரிட்டனின் அதிவேகத் தடமான த்ரக்ஸ்டன் டயரைத் தின்னும் ஊர், அங்கே அவர் கூட்டத்தை ஓடவிட்டுக் கடைசியில் எடுத்துக்கொள்வார். நாக்ஹில் குறுகல், மேடுபள்ளம், இடி அதிகம். அங்கே மூன்று பந்தயங்களையும் முழுதாக முடித்தாலே போதும், எதிராளிகளில் இருவராவது ஒரு பூஜ்ஜியத்தோடு ஸ்காட்லாந்தை விட்டுக் கிளம்புவார்கள். சீசன் முடியும்போது பட்டம் வென்றவர் கையில் நான்கு வெற்றிகளுக்கு மேல் இருக்காது. அந்தக் கை நம்மவருடையது என்பதே என் பந்தயம். தோற்றால் என்னைத் திட்டுங்கள், அவரை விட்டுவிடுங்கள்.