ஓடுற பட்டன் எது?

அக்கா மகனுக்கு ஒன்பது வயது. சோனிக் படங்கள் மூன்றையும் பார்த்து முடித்தவன். பென்சில் பெட்டி, தண்ணீர் போத்தல், பள்ளிப் பை எல்லாவற்றிலும் அந்த நீல முள்ளெலிதான். போன பள்ளி விடுமுறையில் அக்கா வீட்டு ஸ்டோர் ரூமில் கிடந்த எங்கள் பழைய மெகா டிரைவைத் தேடி எடுத்து, 1991இல் வந்த முதல் சோனிக் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நிமிடம் விளையாடியிருப்பான். கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாமா, ஓடுற பட்டன் எது?” என்றான்.

அந்தக் கன்ட்ரோலரில் ஏ, பி, சி என்று மூன்று பட்டன்கள். மூன்றுமே குதிக்கத்தான். “அப்படி ஒண்ணு கிடையாதுடா” என்றேன். அவன் நம்பவில்லை. வேகத்துக்குப் பேர்போன ஒருத்தனுக்கு ஓடுற பட்டன் இல்லை என்றால் யார்தான் நம்புவார்கள்?

சோனிக்கின் ஈர்ப்பு எங்கே தொலைந்தது என்று பேசும்போது வழக்கமாக மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. முப்பரிமாணத்துக்கு மாறியபோது தடுமாறினான், கூட்டாளிகள் அதிகமாகிவிட்டார்கள், சில விளையாட்டுகள் அரைகுறையாக வெளிவந்தன. மூன்றும் உண்மைதான். ஆனால் மாரியோவும்தான் 1996இல் முப்பரிமாணத்துக்குப் போனான், போன இடத்தில் ராஜாவாக இருந்தான். கூட்டாளிகள் அவனுக்கும் குறைவில்லை. எனவே இந்தக் காரணங்கள் நோயின் அறிகுறிகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நோய் அந்த இல்லாத பட்டனில் இருக்கிறது.

முதலில் அவன் எதற்காகப் பிறந்தான் என்று பார்ப்போம். எண்பதுகளின் கடைசியில் செகா நிறுவனத்திடம் கருவி இருந்தது, முகம் இல்லை. அலெக்ஸ் கிட் என்றொரு பையனை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். எதிரே நின்டெண்டோவும் மாரியோவும். செகாவுக்குள் உருவங்களை வரைந்து, கழித்து, கடைசியில் நவோதோ ஒஷிமா வரைந்த முள்ளெலி நின்றது. நிறம் செகா சின்னத்தின் நீலம். தளங்களை அமைத்தவர் ஹிரோகாசு யசுஹாரா, நிரல் எழுதியவர் யூஜி நாகா, இசை டிரீம்ஸ் கம் ட்ரூ குழுவின் மசாதோ நகமுரா. 1991 ஜூனில் விளையாட்டு வெளியானது. அமெரிக்காவில் கருவியோடே சேர்த்துக் கொடுத்தார்கள். ஆக, அவன் பிறந்ததே ஒருத்தனுக்கு எதிராகத்தான். மாரியோ குள்ளமாக, குண்டாக, நல்லவனாக இருந்தான். இவன் ஒல்லியாக, வெடுக்கென்று, கொஞ்சம் திமிராக இருந்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓடுற பட்டன் உண்மையில் மாரியோவிடம்தான் இருந்தது. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் பி பட்டனை அழுத்திப் பிடித்தால் மாரியோ ஓடுவான். வேகத்தைத் தன் அடையாளமாக்கிக்கொண்ட சோனிக்கோ அந்தப் பட்டனைத் தூக்கிப் போட்டான். அப்படியானால் வேகம் எங்கிருந்து வந்தது? தரையிலிருந்து.

விளையாடியவர்களுக்குத் தெரியும். சரிவில் இறங்கும்போது கீழ்நோக்கி அழுத்தினால் அவன் பந்தாகச் சுருண்டு உருள்வான், வேகம் ஏறும். அதே வேகத்தோடு வந்தால் வட்டச் சுழலைத் தலைகீழாகக் கடப்பான். வேகம் போதவில்லை என்றால் பாதியில் திரும்பி வந்துவிடுவான். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிற மாதிரி தளர்வான். வளைந்த தரையில் ஓர் உருவத்தை வழுக்கிக்கொண்டு ஓடவைக்க நாகா எழுதிய கணக்குதான் விளையாட்டின் உயிர். தரையைப் படிக்கத் தெரிந்தவனுக்கு வேகம் கிடைக்கும், தெரியாதவன் ஒவ்வொரு முள்ளிலும் மோதி வளையங்களைச் சிதறவிடுவான்.

இன்னொன்று, நம் ஞாபகம் பொய் சொல்கிறது. முதல் விளையாட்டு முழுக்க வேகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். முதல் தளமான கிரீன் ஹில்தான் நினைவில் நிற்கிறது. அடுத்த தளமான மார்பிளில் எரிகுழம்பின் மேல் மிதக்கும் கல்லில் ஏறி நின்று அது நகரும்வரை காத்திருக்க வேண்டும். லேபிரிந்த் தளத்தில் தண்ணீருக்கடியில் ஆமை மாதிரி நடக்க வேண்டும், காற்றுக் குமிழி வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மூச்சு முடியப்போகும்போது ஒலிக்கும் அந்த இசையைக் கேட்டு இன்றும் நெஞ்சு படபடக்கும் ஆட்களை எனக்குத் தெரியும், என்னையும் சேர்த்து. வேகம் அந்த விளையாட்டில் சில நொடிகள்தான். காத்திருந்து, விழுந்து, தளத்தை மனப்பாடம் செய்தவனுக்குக் கிடைத்த கூலி அது. கூலியாகக் கிடைத்ததால்தான் இனித்தது.

அடுத்து, அவனுடைய திமிர். சோனிக்கை எல்லோரும் “கூல்” என்றார்கள். அந்தக் கூல் எங்கே இருந்தது? வசனத்தில் இல்லை, அவன் பேசவே இல்லை. நீங்கள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு மைலோ கலக்கப் போனால், அவன் திரும்பி உங்களைப் பார்த்துக் காலைத் தட்டுவான். அவ்வளவுதான். அந்த ஓர் அசைவில் அவன் யார் என்று சொல்லியாகிவிட்டது. 1993இல் வந்த சோனிக் சிடியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மூன்று நிமிடம் சும்மா விட்டால், நான் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரையின் விளிம்பிலிருந்து குதித்துவிடுவான், ஆட்டம் முடிந்துவிடும். அந்தக் காலத்தில் அவன் வாய்திறந்த வெகு சில தருணங்களில் ஒன்று அது. அதையும் அவன் வில்லனிடம் சொல்லவில்லை. நம்மிடம் சொன்னான்.

இதை நான் நல்ல பாத்திரப் படைப்பு என்பேன். ஒருத்தன் பொறுமையற்றவன் என்று எழுதுவது எளிது. வாசகன் தாமதிக்கும்போது பாத்திரம் பொறுமை இழப்பது வேறு விஷயம். சோனிக்கின் குணம் அவனுக்கும் நமக்கும் நடுவில் இருந்தது.

1998 டிசம்பரில் டிரீம்காஸ்டுக்காக சோனிக் அட்வென்ச்சர் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அது மோசமான விளையாட்டு இல்லை. அதில் ஒரு காட்சியை எல்லோரும் நினைவு வைத்திருப்பார்கள். கடற்கரையில் மரப்பாலத்தில் சோனிக் ஓடுகிறான், பின்னால் ஒரு பெரிய திமிங்கலம் பாலத்தை உடைத்துக்கொண்டு துரத்துகிறது. முதல்முறை பார்த்தபோது வாயைப் பிளந்தேன். பல வருடம் கழித்துத் திரும்ப விளையாடியபோதுதான் கவனித்தேன், அந்த இடத்தில் நான் செய்வதற்கு அநேகமாக ஒன்றுமில்லை. ஓட்டம் தானாக நடக்கிறது. கேமரா ஓடுகிறது, சோனிக் ஓடுகிறான், நான் பார்வையாளன். கூலி காட்சியாக மாறிய இடம் அது.

அதே விளையாட்டில் அவன் பேசவும் தொடங்கினான். பேசத் தொடங்கியவன் நிறுத்தவில்லை. தான் எவ்வளவு வேகமானவன், எப்படி எதற்கும் அஞ்சாதவன் என்று அவனே சொல்ல ஆரம்பித்தான். தன்னைப் பற்றித் தானே சொல்லும் பாத்திரத்தை நாவலில் பார்த்தால் நாம் என்ன செய்வோம்? பக்கத்தைப் புரட்டுவோம்.

பிறகு அடுத்தடுத்து வந்தவை எல்லாமே அவனுக்கு எதையாவது சேர்க்கும் முயற்சிகள். 2005இல் அவனுடைய நிழல்போன்ற ஷேடோவின் கையில் துப்பாக்கி கொடுத்தார்கள். 2006இல், பதினைந்தாம் ஆண்டு நிறைவுக்காக, எலீஸ் என்ற மனித இளவரசியைக் கொண்டுவந்தார்கள். செத்துக் கிடக்கும் சோனிக்கை அவள் முத்தமிட்டு உயிர்ப்பிக்கிறாள். குழு இரண்டாகப் பிரிந்து, நாகாவும் நிறுவனத்தை விட்டு விலகி, விழாக் காலத்துக்குள் வெளியிட்டாக வேண்டும் என்ற அவசரத்தில் வந்த விளையாட்டு அது. ஊர்க்காரன் ஒருவனிடம் பேசினால் லோடிங். அவன் ஒரு வரி சொல்வான். மறுபடி லோடிங். உலகிலேயே வேகமான முள்ளெலியின் விளையாட்டில் நாம் காலைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 2008இல் இரவானால் அவன் ஓநாய் மனிதன் மாதிரி மாறி, கையை நீட்டி அடிதடியில் இறங்கினான்.

அந்த விளையாட்டின் பகல் பகுதிகளில் பூஸ்ட் வந்து நிலைத்தது. 2005இல் நின்டெண்டோ டிஎஸ்ஸில் வந்த சோனிக் ரஷ்ஷிலேயே அதைச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். பட்டனை அழுத்தினால் உச்ச வேகம், எதிரில் வரும் ரோபோக்கள் தாமாகவே தெறித்துப் போகும். ஓடுற பட்டன் கடைசியில் வந்தேவிட்டது. பூஸ்டை வைத்தும் நல்ல விளையாட்டுகள் வந்திருக்கின்றன, 2011இல் வந்த ஜெனரேஷன்ஸை நானே ரசித்து விளையாடினேன். ஆனால் கேட்டவுடன் கிடைக்கும் வேகம் மூன்றாவது நிமிடத்தில் வெறும் பின்னணி ஆகிவிடுகிறது. விமானத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேகம் தெரிவதில்லை.

பகையும் போய்விட்டது. 2001இல் செகா டிரீம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்தி, சொந்தக் கருவிகள் தயாரிப்பதையே கைவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் சோனிக் நின்டெண்டோவின் கருவிகளில் ஓடிக்கொண்டிருந்தான். 2007இல் மாரியோவும் அவனும் ஒலிம்பிக் போட்டியில் ஒன்றாகக் கலந்துகொண்டார்கள். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம்தான். ஆனால் எதிர்ப்பதற்கென்றே பிறந்தவன் எதிரியின் வீட்டில் வாடகைக்குக் குடியேறிய பிறகு அந்தத் திமிருக்கு என்ன பொருள்? பொருள் போனபின்னும் பாவனை மட்டும் மிச்சமிருந்தது. புருவத்தை நெரித்து, விரலை ஆட்டி, சுவரொட்டியில் நிற்கும் பாவனை.

“அதெல்லாம் சரி, உனக்கு வயசாயிடுச்சு, அதான் பிடிக்கல” என்று யாராவது சொல்லலாம். நியாயமான கேள்வி. படங்கள் ஓடுகின்றன, பள்ளிப் பைகள் விற்கின்றன. சோனிக்கின் புகழ் குறையவில்லை. நான் பேசுவது ஈர்ப்பைப் பற்றி. புகழை விற்க முடியும். ஈர்ப்பு விளையாடும் கைக்கு மட்டுமே தெரியும்.

2017ஆம் ஆண்டை இதற்கான பரிசோதனைக்கூடம் எனலாம். அந்த ஆண்டு இரண்டு சோனிக் விளையாட்டுகள் வந்தன. ஒன்று, சோனிக் ஃபோர்சஸ். நிறுவனத்தின் பெரிய குழு, போர்க்கதை, வசனம், பூஸ்ட். மற்றொன்று, சோனிக் மேனியா. ரசிகராக இருந்து சோனிக் விளையாட்டுகளைத் தானே உருவாக்கிப் பழகிய கிறிஸ்டியன் வைட்ஹெட்டும் அவர் கூட்டாளிகளும் செய்தது. அதில் சோனிக் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சரிவில் உருண்டால்தான் வேகம். விமர்சகர்கள் கொண்டாடியது மேனியாவைத்தான். 2019இல் படத்தின் முதல் முன்னோட்டத்தில் மனிதப் பல்லோடு சோனிக் வந்து உலகமே சிரித்தபோதும், உருவத்தைத் திருத்தும் பணிக்குத் தலைமை ஏற்றவர் டைசன் ஹெஸ். மேனியாவின் தொடக்க அசைபடத்தைச் செய்தவர் அவர்தான். இரண்டு முறையும் அவனைக் காப்பாற்றியது, அவனை விளையாடி வளர்ந்தவர்கள்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மேனியாவின் தளங்களில் பெரும்பாலானவை பழைய தளங்களின் மறுவடிவங்கள். பழைய வீட்டை அழகாக வெள்ளையடித்தது போல. அதை நேசிக்கிறேன், ஆனால் வெள்ளையடிப்பதையே முப்பது வருடம் செய்துகொண்டிருக்க முடியாது. ஒரு எழுத்தாளரின் முதல் தொகுப்பில் தெறித்த குரல் ஐந்தாவது தொகுப்பில் பழக்கமாகிவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். பழைய தொகுப்பை மறுபதிப்பு செய்வது அதற்குத் தீர்வாகாது. அந்தக் குரலை உண்டாக்கிய கட்டுப்பாடு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். சோனிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு தரை. விளையாடுபவன் மெதுவாக இருக்க, தோற்க, காத்திருக்க அனுமதித்த தரை. நிறுவனம் பயந்தது அதற்குத்தான். ஒரு நிமிடம் மெதுவானால் பிள்ளை எழுந்து போய்விடுவான் என்று நினைத்தார்கள்.

அக்கா மகன் எழுந்து போகவில்லை. அன்று முணுமுணுத்துக்கொண்டே விளையாடினான். மறுநாள் காலையில் அவனே போய் டிவியைப் போட்டிருந்தான். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஹாலிலிருந்து ஒரு கத்தல். “மாமா! உருண்டா வேகமா போவுது!” யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பத்து மணிக்குப் பசியாறக் கூப்பிட்டபோது கன்ட்ரோலரை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். அக்கா ரொட்டிச் சானாய்த் தட்டோடு ஹாலைக் கடந்தவள் நின்றாள். சிறுவயதில் லேபிரிந்த் தளத்தை எனக்குத் தாண்டிக் கொடுத்தவள் அவள்தான். முப்பது வருடமாக அவள் கன்ட்ரோலரைத் தொட்டதில்லை. திரையைப் பார்த்துவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டாள்.

“டேய், யாராச்சும் வாங்கடா. அவன் காலைத் தட்டிக்கிட்டு நிக்கிறான்.”