அளவுகோலும் மூதாதையரும்: டேவிட் ரைக்கின் நூல் பற்றிய ஒரு நோக்கு

ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பரம்பரையியல் ஆய்வாளர் டேவிட் ரைக் எழுதி 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில நூலொன்று, ‘நாம் யார், இங்கு எவ்வாறு வந்தோம்’ என்னும் பொருள்படும் தலைப்பைக் கொண்டது. எம்மவரிற் பலர் அதனைத் தேடிப் படிப்பது அதன் ஆறாம் அதிகாரத்திற்காகவே. இந்தியாவின் மக்கள் உருவான வரலாற்றைக் கூறும் அவ்வதிகாரத்தில் தமது மூதாதையரின் வயதையும் விலாசத்தையும் கண்டுகொள்ளலாம் என அவர்கள் எதிர்பார்க்கின்றனர். முந்தி வந்தவர் யார் என்னும் வினா உரிமை பற்றிய வினாவாகவே கேட்கப்பட்டுவரும் ஒரு நாட்டில் இவ்வாவல் எழுவது வியப்பன்று. விஞ்ஞானம் பயிலாத ஒருவர் இத்தகைய நூலை விமர்சிப்பது துணிச்சல் எனச் சிலர் கருதலாம். ஆயின் இந்நூலின் சிக்கல் கணிதத்திலும் பார்க்கப் பெயரிடுதலிலேயே மிகுதியாக உள்ளது. பெயர்களைப் பற்றிப் பேசக் கலைப்பீடத்தாருக்கும் உரிமை உண்டு.

முறையை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஏடு பெயர்த்தெழுதுவோர் விடும் பிழைகளைப் போன்று, டி.என்.ஏ. தலைமுறைதோறும் பெயர்க்கப்படும்போது சிறு மாற்றங்கள் நேர்கின்றன. ஒரே பிழையுடைய இரு சுவடிகள் ஒரு பொதுப் பிரதியின் வழிவந்தவை எனப் பதிப்பாசிரியர் ஊகிப்பது போலவே இவ்வாய்வாளரும் ஊகிக்கின்றனர். இன்றைய குடித்தொகை ஒன்றை எடுத்து, பழைய எலும்புகளின் வழியாக அறியப்பட்ட இரண்டு மூன்று குடித்தொகைகளின் கலவையாக அதனைக் காட்ட முயல்வர். தொலைவான பிற குடித்தொகைகளோடு இவற்றுக்குள்ள உறவு அக்கலவைக்குப் பொருந்துகிறதா எனச் சோதிப்பர். பொருந்தாவிடின் அம்மாதிரி தள்ளப்படும். பொருந்தினாலோ, அது தள்ளப்படவில்லை என்பது மட்டுமே பொருள். வேறொரு சோடியை வைத்தும் கணக்கு ஒத்துவரலாம். கிடைக்கும் நூற்றுவீதம் நாம் வைத்த அளவுகோலைப் பொறுத்தது. இதனோடு உறவுடைய மற்றொரு முறையைக் கையாண்டு 52 குடித்தொகைகளை ஆராய்ந்த 2002 ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில், ஐந்து தொகுதிகளாகப் பிரித்தபோது ஏறத்தாழக் கண்டப் பிரிவுகளே கிடைத்தன. ஆறாகப் பிரித்தபோது, பாகிஸ்தானின் மலைப்பகுதியில் வாழும் கலாஷ் என்னும் சிறு சமூகம் ஆறாவது தொகுதியாயிற்று. சில ஆயிரம் பேர் ஒரு கண்டத்திற்கு ஈடாய் நின்றனர்!

இனிப் பெயர்களுக்கு வருவோம். ரைக்கும் ஹைதராபாத்தைச் சேர்ந்த லால்ஜி சிங், தங்கராஜ் முதலியோரும் 2009 இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியக் குடித்தொகைகளிற் பெரும்பாலானவற்றை இரு மூலங்களின் கலவையாகக் காட்டிற்று. ஒன்று ‘வட இந்திய மூதாதையர்’, மற்றது ‘தென் இந்திய மூதாதையர்’. முன்னதன் பங்கு 39 முதல் 71 வீதம் வரை எனக் கணிக்கப்பட்டது. மேற்கு யூரேசியர் எனப் பெயரிடுவதை இந்திய ஆய்வாளர் ஏற்காமையால், 2008 இல் ஹைதராபாத்தில் நிகழ்ந்த கடும் விவாதத்தின் பின்னரே இப்பெயர்கள் பிறந்தன என ரைக் தாமே கூறுகிறார். இந்நேர்மை பாராட்டத்தக்கது. எனினும் இணக்கத்திற்காக இடப்பட்ட பெயர் வாசகன் மனதில் ஓர் இனமாகிவிடுகிறது. ‘தென்’ என்று கண்டதும் தமிழ் வாசகன் தன் பாட்டனைக் காண்கிறான். அப்பாட்டனைக் கணக்கில் எடுத்தற்கு வைக்கப்பட்ட அளவுகோலோ சின்ன அந்தமான் தீவின் ஓங்கேயர். இந்தியப் பெருநிலத்தின் பழைய வேட்டுவர் எவரது முழு டி.என்.ஏயும் கிடைக்காமையால், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன உறவினர் அவர்களது இடத்தில் நிறுத்தப்பட்டனர். இவர்கள் தாய்ப்பிரதி அல்லர். தொலைவில் எஞ்சிய கிளைப்பிரதி.

பத்தாண்டுகளுக்குள் அவ்விரு மூதாதையரும் தாமே கலவைகளாயினர். 2018 ஆம் ஆண்டு நூலே இதனை ஒப்புக்கொள்கிறது. சிந்துவெளி நாகரிகம் தளர்ந்த பின்னரே அவ்விரு குடித்தொகைகளும் உருவாகின என்பது 500க்கு மேற்பட்ட பழைய மனிதரின் டி.என்.ஏயை ஆராய்ந்த 2019 ஆம் ஆண்டுக் கட்டுரையின் முடிவு. இதனிலும் கடுமையான அடி ‘ஈரானிய விவசாயி’ என்னும் பெயருக்கு விழுந்தது. அப்பெயரைப் படிப்பவர் கோதுமையோடும் ஆட்டு மந்தையோடும் மேற்கிலிருந்து வந்த கூட்டத்தையே கற்பனை செய்வர். ஆனால் ராகிகடியில் அறுபதுக்கு மேற்பட்ட எலும்பு மாதிரிகளைச் சோதித்து, ஒரேயொரு பெண்ணிடமிருந்து மட்டும் டி.என்.ஏ. பெற்ற 2019 ஆம் ஆண்டு ஆய்வு, அவளது ஈரானியத் தொடர்புடைய கிளை ஈரானில் விவசாயம் தோன்றுமுன்னரே பிரிந்துவிட்டது எனக் காட்டிற்று. விவசாயி என்ற சொல் அங்கே வேண்டாத விருந்தாளி. ஆய்வுக் கட்டுரைகளில் ‘தொடர்புடைய’ என்ற ஒட்டு எப்போதும் இருக்கும். நூலாகி, செய்தியாகி, எமது மேடைப் பேச்சாகும்போது முதலில் உதிர்வது அச்சொல்லே.

மொழியைப் பற்றி எலும்பு ஏதும் கூறாது. பலுசிஸ்தானத்துப் பிராகூயி மக்கள் திராவிட மொழி பேசுவோராயினும் பரம்பரையலகு வகையில் அயலவரான பலூச்சியரையே ஒத்தவர். 2019 ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களும் திராவிட மொழிகளின் தோற்றம் சிந்துவெளியிலா தென்னகத்திலா என்பதைத் தீர்த்துவிடவில்லை. தீர்த்துவிட்டவர்கள் எம்மவரே.

இவ்வளவு கூறியபின் நூலின் வலிமையையும் கூறாதுவிடல் நியாயமன்று. ஐரோப்பியருக்கும் அமெரிக்கப் பழங்குடியினருக்கும் பொதுவான, மறைந்துபோன குடித்தொகையொன்று இருந்திருத்தல் வேண்டும் என ரைக் குழுவினர் கணக்கினாலேயே ஊகித்தனர். சைபீரியாவின் மால்ற்றா என்னுமிடத்தில் 24,000 ஆண்டுகளுக்கு முன் இறந்த சிறுவனின் டி.என்.ஏ. பின்னர் அதனை உறுதிப்படுத்தியது. முறை வீணானதன்று.

ஆயினும் நூலின் உறுதிமிக்க பக்கங்கள், பழைய மூதாதையர் எவரையும் அளவுகோலாக வேண்டாத பக்கங்களே. ஆந்திரத்து வைசிய சமூகத்தினர், மூவாயிரம் முதல் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு கூட்டத்தாரிலிருந்து பெருகியவர். அக்காலந்தொட்டுப் புறத்தாரோடு அவர்களது மணவுறவு மிக அரிது. சத்திரசிகிச்சையின்போது தரப்படும் தசைதளர்த்தி மருந்தொன்றைத் தாங்காத பரம்பரைக் குறைபாடு அவர்களிடையே மிகுந்திருத்தற்குக் காரணம் இதுவே. சாதி அண்மைக்கால ஆட்சியாளரின் படைப்பு என்போருக்கு ரைக் இதனை மறுப்பாகக் காட்டுகிறார். ஆறாம் அதிகாரத்திலிருந்து ஆண்டுக் கணக்குகளைப் பெயர்த்தெழுதுவோர் இப்பக்கங்களை விரைந்து கடந்துவிடுகின்றனர். எங்கள் வீடுகளிற் கலியாணம் பேசும்போது முதலில் விசாரிக்கப்படுவது எதுவென்பது இச்சஞ்சிகையின் வாசகர் அறிந்ததே.