முதுகை மட்டும் பார்த்தவன்

ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' 1974இல் வந்தது. நம்மில் பலர் அதைக் கல்லூரியில் படித்திருப்போம், அல்லது படித்ததாகச் சொல்லியிருப்போம். நானும் பத்தொன்பது வயதில் பாதி படித்துவிட்டு முழுதும் படித்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். மீதிப் பாதியைப் படிக்க வைத்தது ஒரு டாப்பெட்.

புத்தகத்தின் ஆரம்பத்திலேயே ஒரு பட்டறைக் காட்சி உண்டு. கதைசொல்லியின் வண்டி எஞ்சின் சீஸ் ஆகிவிடுகிறது. சோம்பலில் பட்டறையில் விடுகிறார். அங்கே ரேடியோ அலறுகிறது, பையன்கள் சிரித்துப் பேசிக்கொண்டே வேலை பார்க்கிறார்கள். சத்தத்தைக் கேட்ட ஒருவன் டாப்பெட் என்று முடிவு செய்து, அளவு சேராத ஸ்பேனரைப் போட்டு அலுமினிய மூடிகளின் முனைகளை மழுக்கிவிடுகிறான். பிறகு சுத்தியலும் உளியும் வருகின்றன. ஓர் அடி தவறி எஞ்சினின் குளிர்விக்கும் தகடுகளே உடைந்துபோகின்றன. கடைசியில் வீட்டில் தானே பிரித்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது: எஞ்சின் தலைக்கு ஆயில் போகும் வழியில் 25 சென்ட் பெறுமானமுள்ள ஒரு பின் உடைந்திருக்கிறது. அவ்வளவுதான் நோய்.

இந்தக் காட்சியை வைத்துத்தான் பிர்சிக் தன் முழு வாதத்தையும் தொடங்குகிறார். அந்தப் பையன்களுக்கு வேலை தெரியாமல் இல்லை, அக்கறை இல்லை. தாங்கள் செய்யும் வேலையையே வேடிக்கை பார்க்கிறவர்களாக இருக்கிறார்கள் என்கிறார். படிக்கும்போது தலை தானாக ஆடும். நம் எல்லோருக்கும் இப்படி ஒரு பட்டறை அனுபவம் இருக்கிறதே. எனக்கும் இருந்தது. ஊரில் ஒரு பட்டறையில் அப்பாவின் புல்லட்டை விட்டுவிட்டுத் திரும்ப வாங்கியபோது டாப்பெட் மூடியில் ஆயில் கசிந்தது, போகும்போது இல்லாத 'டக டக' சத்தம் கூடவே வந்தது. "பழைய வண்டி தம்பி, அப்பிடித்தான் இருக்கும்" என்றார்கள். அன்றைக்குத்தான் நானே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். பிர்சிக்கையும் அலமாரியிலிருந்து இறக்கினேன். இரண்டையும் ஒரே மாதத்தில் செய்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

முதலில் வண்டி. திருவொற்றியூர் ஆலையில் செய்த பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின் புல்லட் 350. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் தொடங்கிய கம்பெனி, அடிப்படையில் அதே எஞ்சினைத்தான் அரை நூற்றாண்டு போட்டுக்கொண்டிருந்தது. இதில் வால்வுகளைத் திறக்க கீழே கேம், மேலே ராக்கர், நடுவே இரண்டு நீளமான தடிகள். சிலிண்டரின் வலப்பக்க அடியில் ஒரே நட்டில் நிற்கும் சின்ன மூடியைக் கழற்றினால் அந்தத் தடிகளின் கால்கள் தெரியும். சரிசெய்யும் இடம் அதுதான். பின்னால் வந்த யூசிஇ எஞ்சின்களில் ஹைட்ராலிக் லிஃப்டர் வந்துவிட்டதால் இந்த வேலையே கிடையாது. ஆகவே நான் கற்றுக்கொண்டது பெரிதாக யாருக்கும் பயன்படாத ஒரு வித்தை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சில வண்டிகளில் ஃபீலர் கேஜை இடைவெளியில் நுழைத்து அளப்பார்கள். புல்லட்டில் அளவே விரல்தான். எஞ்சின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சிக்கு வந்திருக்க வேண்டும். அப்போது தடியை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. சுற்றணும், ஆடக் கூடாது. எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! லாக் நட்டை இறுக்கும்போது, பார்த்துப் பார்த்து வைத்த அளவு மாறிவிடும். மறுபடி தளர்த்த வேண்டும். கொஞ்சம் கூடுதலாக வைத்து, இறுக்கும்போது சரியான இடத்தில் வந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒல்லியான ஸ்பேனர்கள் இரண்டு, நுழைக்க இடமோ ஒன்றுக்குத்தான். முதல் நாள் எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. மூன்று விரல் தோல் போனது.

செய்த தப்பு அதைவிட அழகு. பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் உருட்டி, பிளக் ஓட்டையில் விட்ட ஸ்ட்ரா மேலே வந்து நின்றதும் "இதுதான் உச்சி" என்று வேலையைத் தொடங்கிவிட்டேன். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வரும் என்பதைப் பத்தாம் வகுப்பில் படம் வரைந்து பாகம் குறித்தவன்தான் நான். வந்தது மற்ற உச்சி. எக்ஸாஸ்ட் மூடப்போகும், இன்லெட் திறக்கத் தொடங்கும், இரண்டுமே லேசாகத் திறந்திருக்கும் நேரம். அங்கே வைத்து விரலுக்குச் சுற்றும் அளவுக்குத் தளர்த்திவிட்டால், உண்மையான இடத்தில் அது எவ்வளவு தொளதொளவென்று இருக்கும்! கிக்கரை உதைத்ததும் நாலு தையல் மெஷின் ஒரே நேரத்தில் ஓடுவதுபோல் இருந்தது. உள்ளே ஹாலில் இருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஓவர்லாப்ல வச்சுட்டியாடா?"

அப்பா எழுந்துகூட வரவில்லை. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் புல்லட்டை உதைக்க முடியாது. டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் காதில் வாங்கிச் சொன்னார்.

இப்போது பிர்சிக்கிடம் திரும்புகிறேன். புத்தகத்தில் டாப்பெட் சரிசெய்யும் காட்சி ஒன்று முழுசாகவே இருக்கிறது. மொன்டானா மாநிலத்தின் மைல்ஸ் சிட்டியில், ஓட்டலின் பின்புறம், சாலையோரக் கல்விளிம்பில் உட்கார்ந்து செய்கிறார். ஆறின எஞ்சினில்தான் பார்க்க வேண்டும் என்பதால் இரவு வண்டி நின்ற இடமே காலையில் பட்டறை. அந்த விவரத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. செய்தவனுக்குத்தான் அது தோன்றும். ஆனால் நாலு பத்தி தாண்டுவதற்குள் ஸ்பேனர் கையிலிருந்து நழுவிவிடுகிறது. எஃகு என்பதே மனதின் உருவம், மோட்டார்சைக்கிள் என்பது எஃகில் எழுதிய கருத்துகளின் தொகுப்பு என்று கிளம்பிவிடுகிறார். அந்தப் பக்கங்கள் நன்றாகவே இருக்கின்றன. சொல்லப்போனால் புத்தகத்திலேயே தெளிவானவை அவைதான். எனக்கு உறுத்தியது வேறு. அங்கே அவர் தனியாக இருக்கிறார். நண்பர்கள் அவரவர் வேலையாகப் போயிருக்கிறார்கள். பதினோரு வயது மகன் கிறிஸும் ஹெல்மெட்டுக்கு எதையோ வாங்கப் போய்விட்டான்.

இதைக் கவனித்த பிறகு புத்தகம் முழுக்க அந்தப் பையனைத் தேடிக்கொண்டே படித்தேன். மினசோட்டாவிலிருந்து கலிஃபோர்னியா வரை பின்சீட்டில் வருகிறான். வயிற்று வலி என்கிறான், அழுகிறான், சலித்துக்கொள்கிறான். அப்பா பகலெல்லாம் மனதுக்குள் நமக்குப் பாடம் நடத்திக்கொண்டு வருகிறார்: பிளேட்டோ, கான்ட், தரம், வேலையில் ஊக்கம் இழக்க வைக்கும் பொறிகள், நட்டை எந்த அளவுக்கு இறுக்க வேண்டும் என்கிற கைப்பதம் எல்லாம். அந்தக் கைப்பதப் பகுதி பிரமாதம். விரல் இறுக்கம், கச்சிதம், முழு இறுக்கம் என்று பிரித்துச் சொல்லும் இடத்தை நான் புல்லட் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி படித்தேன், வேலைக்கு ஆயிற்று. ஆனால் ஒரு நட்டையும் அவர் மகன் கையில் கொடுப்பதாக எனக்கு ஞாபகமில்லை. பராமரிப்பு என்று தலைப்பில் போட்ட புத்தகத்தில் கற்றுக்கொள்கிறவன் என்று ஒருவன் இல்லவே இல்லை. எல்லாம் தெரிந்த ஒருவர், எதுவும் தெரியாத வாசகர். நடுவில் முதுகைப் பார்த்துக்கொண்டு ஒரு பையன்.

பிர்சிக்குக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது என்றால் விட்டுவிடலாம். அவரைவிட நல்ல வாத்தியார் யார்? போஸ்மன் ஊர்க் கல்லூரிப் பகுதியை நினைத்துப்பாருங்கள். என்ன எழுதுவது என்று தெரியாமல் தவிக்கும் மாணவியை, ஊரின் பிரதான தெருவில் இருக்கும் ஓபரா ஹவுஸின் முகப்பை எடுத்துக்கொள், மேலே இடது மூலையில் இருக்கும் செங்கல்லிலிருந்து ஆரம்பி என்று அனுப்புகிறார். அவள் ஐயாயிரம் வார்த்தை எழுதிக்கொண்டு வந்து நிற்கிறாள். எழுத்துப் பயிற்சி பற்றி யார் பேசினாலும் இந்தக் கதை வந்துவிடுகிறது. எனக்கு இப்போது அது வேறு மாதிரி வலிக்கிறது. அந்த மாணவிக்கு ஒரு செங்கல் கொடுத்த மனுஷனால் மகனுக்கு ஒரு பிளக் ஸ்பேனர் கொடுக்க முடியவில்லை.

இதைப் புத்தகத்தின் குறை என்று முதலில் குறித்து வைத்திருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. கடைசிப் பக்கங்களில் கிறிஸ் கேட்கிறான்: பெரியவனானதும் எனக்கும் மோட்டார்சைக்கிள் கிடைக்குமா? நீ அதைப் பார்த்துக்கொள்வதாக இருந்தால், என்கிறார் அப்பா. என்னவெல்லாம் செய்யணும் என்று கேட்டால், நான் செய்வதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய் என்கிற மாதிரி பதில் வருகிறது. எல்லாம் காட்டித் தருவீர்களா என்கிறான். சரி என்கிறார். ஹெல்மெட் இல்லாமல், கால்மிதியில் எழுந்து நின்று, அப்பாவின் தோளுக்கு மேலாக அவன் முதன்முறையாக முன்னால் இருக்கும் சாலையைப் பார்ப்பதும் இங்கேதான். நானூறு பக்கம் அந்த முதுகு மறைத்துக்கொண்டிருந்தது என்பது எழுதியவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் நம்மை நானூறு பக்கம் காக்க வைத்திருக்கிறார். 1979இல் கிறிஸ் சான் ஃபிரான்சிஸ்கோவில் கொலையுண்டு இறந்தார். 1984 பதிப்பின் பின்னுரையில் பிர்சிக்கே அதை எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு அந்தச் 'சரி'க்குத் திரும்பிப் போவது கஷ்டமாக இருக்கிறது.

நான் முழுதும் உடன்படாத இடம் ஒன்று உண்டு. பிர்சிக் மனிதர்களை இரண்டாகப் பிரிக்கிறார்: பொருளின் தோற்றத்தை ரசிப்பவர்கள், அதன் உள்வேலையை ரசிப்பவர்கள். நண்பர் ஜானின் பிஎம்டபிள்யூ ஹேண்டில்பார் நழுவுகிறது. பீர் டின்னை வெட்டி ஒரு தகடு செருகினால் சரியாகிவிடும் என்கிறார் இவர். விலை உயர்ந்த வண்டிக்குப் பீர் டின்னா என்று ஜான் முகம் சுருங்குகிறது. அமெரிக்காவுக்கு இது சரியாக இருக்கலாம். நம்மூரில் பீர் டின்னுக்கு யாரும் வருத்தப்பட மாட்டார்கள், சிகரெட் அட்டையில் பாயின்ட் இடைவெளி வைத்தவர்கள் நாம். இங்கே கோடு வேறு இடத்தில் விழுகிறது. படித்தவன் கையில் கிரீஸ் படக் கூடாது. ஸ்பேனர் பிடிப்பவன் படிப்பு ஏறாதவன், அல்லது பிடிக்கவென்றே பிறந்தவன் என்று நாம் தீர்மானித்துவிட்ட ஆள். இது ரசனை சம்பந்தப்பட்டதே அல்ல. சாதி இதற்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அதனாலேயே அந்தப் பட்டறைப் பையன்கள் மேல் பிர்சிக்குக்கு இருக்கும் கோபத்தில் என்னால் இப்போது சேர முடியவில்லை. 2009இல் 'ஷாப் கிளாஸ் ஆஸ் சோல்கிராஃப்ட்' எழுதிய மாத்யூ கிராஃபோர்ட், தத்துவத்தில் பட்டம் வாங்கிவிட்டு பைக் பட்டறை வைத்தவர், இதே காட்சியை எடுத்துப் பேசுகிறார். அவரும் பையன்களைத்தான் குற்றம் சொல்கிறார். வாடிக்கையாளரின் காசுக்கும் வேலையின் அளவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பட்டறைக்காரரின் சங்கடம் தெரிந்தவர் என்பதால் அவர் சொல்வதில் கனம் இருக்கிறது. ஆனால் வாரக்கூலிக்கு ஒரு நாளில் ஏழு வண்டி பார்க்கும் பையனிடம், மூன்று மணி நேரம் ஒரு தடியைச் சுற்றிப் பார்க்கும் அக்கறையை நான் எப்படி எதிர்பார்க்க முடியும்? அந்த மூன்று மணி நேரம் எனக்கு ஞாயிற்றுக்கிழமையில் சும்மா கிடைத்தது.

டாப்பெட்டில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. தொளதொளவென்று இருந்தால் சத்தம் போடும், ஊருக்கே தெரியும். அதிகம் இறுகினால் சத்தமே வராது. வண்டி முன்னைவிட அமைதியாக ஓடும். ஆனால் வால்வு சரியாக உட்காராது. உட்கார்ந்தால்தான் அதன் சூடு சிலிண்டர் தலைக்கு இறங்கும். உட்காராத எக்ஸாஸ்ட் வால்வு மெல்ல எரிந்துபோகும். இரண்டாம் முறை சரியான உச்சியில், இன்லெட் தடி ஏறி இறங்கும் வரை சக்கரத்தை உருட்டிப் பார்த்துவிட்டு வைத்தபோது எனக்கு இறுக்கி வைக்கத்தான் கை போனது. சத்தம் கேட்டு அப்பா மறுபடி ஏதாவது சொல்லிவிடுவாரே என்று.

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அப்பா இதே மூடியைக் கழற்றுவார். நான் டார்ச் பிடிப்பேன். "ஒழுங்காப் பிடிடா, எங்க பாக்குற" என்று திட்டு விழும். பனியனில் வேர்வை ஊறிய முதுகுதான் எனக்குத் தெரியும். மூடிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. எட்டிப்பார்த்தால் வெளிச்சம் விலகிவிடும்.

பிர்சிக்கை முடித்த வாரம் கேட்டுவிட்டேன். "ஏம்பா, அப்பவே எனக்குச் சொல்லித் தந்திருக்கலாம்ல?"

கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "படிக்கிற புள்ளைக்கு எதுக்குன்னு நெனச்சேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார். மூடியைக் கழற்றியதும் டார்ச்சை அவரே வாங்கிக்கொண்டார். கை லேசாக நடுங்கியதால் வெளிச்சம் தடியின் மேல் நிற்காமல் அலைந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. எக்ஸாஸ்ட்டைச் சுற்றிக் காட்டினேன். குனிந்து தானும் இரண்டு விரலால் சுற்றிப் பார்த்தார்.

"டைட்டா இருக்கு. ஒரு மயிரிழை தளத்து."